விற்கப்படாத பிறீசர்

தொண்ணூறுகளில் சூரிச்சில் ஒரு சிறிய நிதி நிறுவனத்தில் கணக்கெழுதினேன். வட்டி வாங்காத இடம். முஸ்லிம் வாடிக்கையாளருக்கு ஒரு பொருள் வேண்டுமென்றால் நிறுவனமே அதை வாங்கும். கொள்விலையையும் தன் லாபத்தையும் மறைக்காமல் சொல்லித் தவணைக்கு விற்கும். விற்பனை கையெழுத்தாகும்வரை பொருள் எங்கள் சரக்குக் கணக்கில்தான் இருக்க வேண்டும். அதுவரை உடைந்தாலும் எரிந்தாலும் நட்டம் எங்களுடையது. அது ஒன்று இல்லாவிட்டால் அந்த லாபத்துக்கும் வட்டிக்கும் வித்தியாசமே கிடையாது.

வின்டர்தூரில் இறைச்சிக்கடை போட இருந்த அக்கரைப்பற்றுக்காரரை எல்லோரும், முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல், காக்கா என்போம். அவருக்காக இறைச்சியை உறையவைக்கும் பழைய பிறீசர் ஒன்று வாங்கினோம். தெரிந்த ஆள்தானே, திங்களன்று கையெழுத்து வைக்கலாம் என்று வெள்ளியே கடையில் இறக்கிவிட்டார்கள். ஞாயிறு மெஷின் செத்துப்போனது. உள்ளே இருந்த இறைச்சி முழுவதும் நாறிவிட்டது.

திங்கள் காலை முதலாளி என் மேசைக்கு வந்து, விற்பனையை வெள்ளிக்கிழமைத் தேதியில் பதியச் சொன்னார். பதிந்தால் செத்த மெஷினும் தவணையும் காக்காவின் தலையில். பதியாவிட்டால் எனக்கு வேலை இல்லை. இதை அவர் மிக மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட நான் கொடுத்த மனு, என் சம்பளத் துண்டை நம்பித்தான் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. வேலை போனால் மனுவும் போகும். அன்று காலை முழுவதும் நான் எதையும் பதியவில்லை.

மத்தியானம் காக்கா வந்தார். முதலாளி அவரையும் பிடித்துக் கதைத்திருக்கிறார்.

"தம்பி, வெள்ளிக்கிழமையெண்டே போடுங்க. நான் ஒப்பம் வெக்கிறன். உங்கட புள்ள வரட்டும். கடன எப்பிடியாவது கட்டுவன்."

அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஏசியிருந்தால் பதிந்திருப்பேன். கடை திறக்குமுன்பே கடனாளியாகப்போகும் மனிதரிடம் என் குடும்பத்துக்குப் பிச்சை வாங்குவதா?

"நீங்கள் போங்கோ காக்கா. ஒண்டிலயும் கையெழுத்து வைக்க வேண்டாம்," என்றேன்.

பிறீசரைச் சரக்குக் கணக்கிலேயே வைத்து, எங்கள் நட்டமென்று எழுதினேன். எங்கள் கணக்கைப் பார்க்கும் இஸ்லாமிய மார்க்க அறிஞருக்கு வழக்கம்போல் தொலைநகலில் ஒரு பிரதி போனது. இனி யாராலும் மாற்ற முடியாது. பின்னேரம் முதலாளி என்னிடமிருந்த அலுவலகச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமென்றுதான் எடுத்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை வாங்கிட்டன். இப்ப போட்டுப் பாத்தது, அளவாயிருக்கு."



"கொஞ்சம் பெரிசாப் பாத்து மாத்தும். வரேக்குள்ள பிள்ளை வளந்திடும்," என்றேன்.