இத்தாலி அப்புவின் வலது கை

பிள்ளைகளே, நேற்று நான் சப்பாத்துக்குத் தோலை மெதுமையாக்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டிருந்தேன். மகள் புதுக் கையுறையோடு ஓடி வந்தாள்.

"அப்பா, இனி நான்தான் கோல் கீப்பர்! இவ்வளவு நாளும் கீப்பரா நிண்ட ஆமினாவை ரீமிலை இருந்து நிப்பாட்டிட்டினம். ரீமிலை ஒரு சின்னப் பிள்ளையைக் கோச் ஏசினதுக்கு அவள் எதிர்த்துக் கதைச்சவள்."

கையில் இருந்த கொழுப்பு மணம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த சுவிஸ் நகரமான நொஷாட்டலுக்குக் கொண்டுபோனது. அங்கே எங்கள் கீழ்வீட்டுக் கிழவரை இத்தாலி அப்பு என்போம். இரண்டாம் உலகப் போருக்கு முன் இத்தாலியில் ஒரு கால்பந்து அணியில் கோல் கீப்பராக விளையாடியவர். ஞாயிறுகளில் தன் பழைய தோல் பந்துக்கு இதே கொழுப்பைத்தான் தேய்ப்பார்.

"உங்களுக்கு ரீமிலை எப்பிடி இடம் கிடைச்சது?" என்று என் அப்பா அரைகுறைப் பிரெஞ்சில் ஒருநாள் கேட்டுவிட்டார்.

அப்பு பந்தைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். அது தெறித்து அலுமாரியில் இருந்த கண்ணாடிக் கோப்பைகள் உடைந்தன.

"விளையாட முன்னம், அப்ப நாட்டை ஆண்ட சர்வாதிகாரியின்ரை ஆக்களுக்குக் கை தூக்கி வணக்கம் வைக்கவேணும். எங்கடை கீப்பர் தூக்கேல்லை. அவனைக் கலைச்சுப்போட்டு அவன்ரை இடத்திலை என்னை விட்டினம். நான் தூக்கினன். ஒன்பது வருசம் தூக்கினன்!"

வலது கையை மேசையில் அடித்து அடித்துக் கத்தினார். நான் அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

அந்தக் கோபம் நேற்று எனக்கு வந்தது. கோச் மேல் வந்தது. என் மகள் மேலும் வந்தது.

"ஆமினாவை நிப்பாட்டேக்கை நீ என்னடி கதைச்சனீ?"

"ஒண்டும் கதைக்கேல்லை."

அப்புவின் கதையைச் சொன்னேன். நான் முடிக்கும் முன்னமே அவள் கையுறையைக் கழற்றிவிட்டாள்.