ஒரு பக்கம் வெட்டிய மரம்

தெமோதரையில் எங்கள் வீட்டைச் சுற்றிச் சமமான தரை என்று சொல்ல ஒரு பாய் விரிக்கிற இடம்கூடக் கிடையாது. வாசலைத் தாண்டினால் ஒன்று ஏறவேண்டும், இல்லையென்றால் இறங்கவேண்டும். இப்படி ஓர் இடத்தில் பிறந்து, விழுந்து எழும்பி நடக்கப் பழகிய நானும் என் தம்பியும் மரம் வெட்டுகிற மெசின் வாங்கப் போனோம். பதுளையில் ஒரு கடையின் வழவழப்பான சீமெந்துத் தளத்தில் நின்று அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு வந்தோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

தம்பி மரம் ஏறுகிறவன். தேயிலைக்கு நிழல் தருகிற சவுக்கு மரங்களில் மழைக்கு முன் கிளை கழிப்பதுதான் தோட்டத்தில் அவனுக்கு வேலை. பிறகு தோட்ட வேலையை விட்டுவிட்டு வெளியே ஏறத் தொடங்கினான். ஹாலிஎலப் பக்கம் காணி வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு மேல் கிளை தொங்கினால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஏறுவதற்கு முன் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். ஒருநாள் ஓர் அல்பீசியா மரத்தில், காய்ந்திருப்பது தெரியாமல் ஒரு கிளையில் காலை வைத்தான். கிளையோடு வந்து விழுந்தான். தொடை எலும்பு நொறுங்கிப்போயிருந்தது. அது கூடி வந்தபோது வலது கால் இடது காலை விடக் குட்டையாகிவிட்டது.

அதன்பிறகு வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மரங்களைப் பார்ப்பதே அவனுக்கு வேலையாகப் போனது. அவன் மனைவி கொழும்பில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்கிறாள். நானோ புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அவனோடு வந்து இருப்பவள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், காலையில் விட்டுப்போன அதே இடத்தில் அதே முகத்தோடு இருப்பான். "இன்னைக்கு எந்த மரம் ஒன்னோட பேசிச்சு?" என்று சீண்டுவேன். முன்பெல்லாம் சிரிப்பான். பிறகு சிரிப்பதும் நின்றுபோனது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

நீளக் கம்பின் நுனியில் சின்னதாகச் சங்கிலி வாள் வைத்த மெசினை அவன் போனில் பார்த்திருக்கிறான். நான் செருப்பைக் கழற்றும் முன்பே போனை நீட்டினான்.

"இங்க பாருக்கா. தரையில நின்னுக்கிட்டே வெட்டுறான். ஏறவே தேவல்ல."

"ஒன்னால தூக்க முடியுமாடா?"

"கை நல்லாத்தானே இருக்கு? காலுதானே போச்சு."

அந்த முகத்தைப் பார்த்தபிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கடை முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை என்னைப் பார்த்தே பேசினார். தம்பி நொண்டி நொண்டி உள்ளே வந்ததை அவர் பார்த்துவிட்டார், அதன்பிறகு அவன் இருக்கிற பக்கமே திரும்பவில்லை. நான் வேண்டுமென்றே, "மெசின் அவருக்குத்தாங்க. அவர்கிட்ட சொல்லுங்க" என்றேன். அப்போதும் அரைவாசிதான் திரும்பினார்.

மூன்று வகை இருந்தன. கரண்டில் ஓடுகிறது ஒன்று. அதற்கு வயரை இழுத்துக்கொண்டு மலையேற வேண்டும். பெட்டரியில் ஓடுகிறது இன்னொன்று. சத்தம் இல்லை, புகை இல்லை, கையில் எடுத்தால் லேசு. எனக்கு அதுதான் பிடித்தது. மூன்றாவது பெட்ரோல் மெசின். பெட்ரோலுக்கு வரிசையில் காய்ந்த நாட்கள் இன்னும் மறக்கவில்லை. முதலாளியும் அதையே எடுக்கச் சொன்னார்.

தம்பி அதை வாங்கி, கம்பை முழுதாக நீட்டி, மேலே தூக்கிப் பிடித்தான். நுனி ஆடியது.

"இதுல மோட்டர் நுனியில இருக்குக்கா. நீட்டுனா பாரமெல்லாம் மேல போயிருது. ஆள இழுக்குது."

பிறகு பெட்ரோல் மெசினை எடுத்தான். அது கனம். ஆனால் இஞ்சின் அடியில், கைப்பிடிக்குப் பின்னால் இருந்தது. வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தூக்கினான். கம்பு ஆடாமல் நின்றது. இடமும் வலமும் மெல்லத் திருப்பிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க என் தம்பி பழைய ஆளாக மாறுவது எனக்குத் தெரிந்தது. முதலாளிகூட இப்போது அவனையே பார்த்தார்.

"பாரம் கீழ இருக்கட்டும்" என்றான். அவ்வளவுதான், அதையே எடுத்தோம்.

எங்கள் பக்கம் தேயிலைச் செடிகளின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுவதற்கு முன் கத்திகளைக் கவ்வாத்துச் சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் கையில் எடுப்பார்கள். சாமி என்றால் தேயிலைக்கு நடுவில் நிற்கிற ஒரு கல். தம்பி மெசினை அங்கே தூக்கிக்கொண்டுபோய் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தினான். மெசினுக்குக் குங்குமமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் கண்ணை மூடி நின்ற விதத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

முதல் வெட்டு எங்கள் வீட்டுப் பலாவில். வீட்டுக்குப் பக்கவாட்டில், சரிவில் நிற்கிற மரம் அது. ஒரு பக்கக் கிளைகள் பாதை மேலேயும், மறுபக்கக் கிளைகள் தம்பியின் அறைத் தகரத்துக்கு மேலேயும் பரந்திருக்கும். முதலில் பாதைப் பக்கம் போய் நின்றான். அடிமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தள்ளி வந்து, மெசினை மாட்டினான். அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். அவன் நேராக நின்றான். குட்டையான வலது கால் மேட்டுப் பக்கம், இடது கால் பள்ளத்துப் பக்கம். காலில் இருந்த குறையைச் சரிவு நிரப்பிவிட்டது. விழுந்த பிறகு என் தம்பி நிமிர்ந்து நின்று நான் பார்த்தது அன்றுதான். கிளைகள் ஒவ்வொன்றாக, அவன் நினைத்த இடத்தில் விழுந்தன. மரத்தூள் தலையில் கொட்டக் கொட்ட நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

பிறகு வீட்டுப் பக்கம் வந்தான். இப்போது மரத்தைப் பார்த்து நின்றால் நல்ல கால் மேட்டிலும், குட்டைக் கால் பள்ளத்திலும் வந்தது. மெசினைத் தூக்கிய உடனே பள்ளத்துப் பக்கம் சரிந்தான். காலுக்கு அடியில் தட்டைக் கல் வைத்துப் பார்த்தான். ஈர மண்ணில் கல் வழுக்கியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த உயரச் செருப்பைப் போட்டுப் பார்த்தான். அது சமதரைக்குச் செய்தது, சரிவில் கணுக்கால் மடங்கிக்கொண்டது. நான் வாங்கித் தூக்கிப் பார்த்தேன். கம்பு நுனி என் தலைக்கு மேல் ஏறவேயில்லை.

"மத்தப் பக்கம் நாளைக்குப் பாப்போம்" என்று மெசினை நிறுத்தினான். மறுநாள் அந்தப் பக்கம் அவன் போகவேயில்லை.

ஆனாலும் வேலைக்குப் போனான். ஹாலிஎலயில் அவனை முன்பிருந்தே தெரிந்த காணிக்காரர் ஒருவர் ஐப்பசி மழைக்கு முன் வரச் சொல்லியிருந்தார். மீரியபெத்தயில் மலை சரிந்து வீடுகளை ஆட்களோடு மண் மூடியதிலிருந்து, மழை பிடித்தால் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது வீட்டுக்கு மேலே நிற்கிற மரத்தைத்தான். நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சனிக்கிழமை என்பதால் நானும் கூடப் போனேன். வரிசையாக நின்ற சவுக்கு மரங்களில் தம்பி ஒரு பக்கத்தை முடித்துக்கொண்டே போனான். மரத்துக்கு மரம் வேலை சுத்தம். காணிக்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"அந்தப் பக்கம்?"

தம்பி குனிந்து சங்கிலியில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினான்.

"ஒரு பக்கம் மட்டும் வெட்டுனா பாரம் மத்தப் பக்கம் போயிருமேப்பா. மழைக்கு மரம் நிக்காதுன்னு நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த?"

"ஆமாங்க. நான்தான் சொன்னேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெசினை அணைத்துப் பிடித்தபடியே வந்தான்.

அடுத்த வாரம் காணிக்காரர் எங்களுக்குப் போன் எடுத்தார். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான், கையில் சோறு. அதனால் நான் போனைச் சத்தமாகப் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். இன்றுவரை அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

"தப்பா நெனைக்காதப்பா. நீ கஷ்டப்பட்டு வர வேணாம். மெசின மட்டும் குடு. என்கிட்ட ஆள் இருக்கு."

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரிங்க, வந்து எடுத்துக்கங்க" என்றான்.

அன்று பின்னேரம் முழுவதும் மெசினைத் துடைத்தான். சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் அரத்தால் தீட்டினான், எண்ணெய் விட்டான். காணிக்காரர் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கியதும் எந்தக் கிளையை முதலில் தொட வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று சொல்லத் தொடங்கினான். அவர் நல்ல மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே மெசினை வண்டிக்குள் சாய்த்து வைத்தார். வண்டி வளைவில் மறைந்த பிறகும் தம்பி கிளையைக் காட்டிச் சொல்வதற்கு நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தான்.

மெசின் பல் மழுங்கித் திரும்பி வந்தது. பிறகு வேறு ஆட்களும் கேட்டு வந்தார்கள். எல்லோருக்கும் மெசின்தான் வேண்டியிருந்தது. ஒருநாள் பஸ்ஸில் ஹாலிஎலயைத் தாண்டும்போது அந்தச் சவுக்கு மரங்களைப் பார்த்தோம். இரண்டு பக்கமும் சமமாக, அழகாகக் கழித்திருந்தார்கள். அவன் எந்தப் பக்கத்தை வெட்டினான் என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் மறுபக்கத்து ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன்: "டேய், மெசின் கேட்டு வர்ற ஆள்கிட்டயே சொல்லி நம்ம பலாவையும் முடிச்சிருவோம். மழை வருது."

"வேணாம்க்கா."

"ஒன் தகரத்துக்கு மேல நிக்குதுடா அது!"

"இருக்கட்டும்க்கா. அது ஒண்ணுலதான் நான் வெட்டுன பக்கம் தெரியுது."

கத்தினேன், திட்டினேன், கெஞ்சியும் பார்த்தேன். இந்தப் பக்கத்து அறையில் வந்து படு என்றால் அதற்கும் மாட்டேன் என்கிறான். மழை பிடித்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வளைவில் நின்று பலாவைப் பார்க்கிறேன். தம்பி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு அதே மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மரம் அவன் அறைப் பக்கம் சாயத் தொடங்கியிருக்கிறது. எனக்கே தெரிகிறது, அவனுக்குத் தெரியாமல் இருக்காது.