மலர்ச்சாலைக்காரரின் தொலைபேசி

கொட்டாஞ்சேனையில், இறுதிச்சடங்கு ஏற்பாடுகளைச் செய்து கொடுக்கும் சிறிய மலர்ச்சாலை ஒன்றை நடத்திய அவர், வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் பூட்டியிருப்பார். தொலைபேசி மணி அடித்தால் எழுந்து நின்றுதான் பேசுவார்.

நான் இணையவழித் தொலைபேசி விற்பவன். செலவு குறைந்த ஒன்று வேண்டுமென்று அவர்தான் என்னை அழைத்திருந்தார். இருப்பதிலேயே மலிவானதைக் காட்டினேன். அதில் முதலில் பதிவுசெய்த குரல் பேசும். சவப்பெட்டிக்கு ஒன்று, வாகனத்துக்கு இரண்டு என்று அழுத்தச் சொல்லும்.

"அழுதுகொண்டு எடுக்கிற ஆக்களை ஒண்டை அமத்து, ரெண்டை அமத்து எண்டு சொல்லேலுமா, தம்பி?"

"ஆள் பேசுறதெண்டா இரவிலயும் நீங்கள்தானே எழும்போணும், ஐயா?"

"ஓம், எழும்புவன். எடுக்கிறவை நித்திரை கொண்டிட்டா எடுக்கினம்?"

கொஞ்சம் செலவு கூடினாலும், கடையிலும் வீட்டிலும் ஒன்றாக மணியடிக்கும் இணைப்பையே அவர் கேட்டு வாங்கினார்.

என் மனைவி இறந்த அன்று, பொரளையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவரை அழைத்தேன். உடனே எடுத்தார். எனக்கு விம்மல்தான் வந்தது. அவர் எதுவும் கேட்காமல், தொலைபேசியையும் வைக்காமல் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து, "நான் இருக்கிறன், மகன். ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார்.

என்னை அடையாளம் கண்டுதான் மகன் என்றாரா, எல்லோரிடமும் அப்படித்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.