கேபிள்காரன் கொடுத்த ரௌட்டர்

எங்கள் ஊருக்கு இன்டர்நெட் கொடுப்பவன் ஒரே ஒரு கேபிள்காரன்தான். அவனை எனக்குப் பிடிக்காது. டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டான்:

"இன்னாணா, உங்க வூட்ல புதுசா ஒரு போனு லைன்ல ஏறிக்கீது. யாரு, மாப்ளையா? சொல்லவேயில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாது. வழியெல்லாம் வாய்க்குள்ளேயே அவனைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

என் மகள் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறாள். அந்த போன் கம்பெனி கொடுத்தது.

"அவனுக்கு எப்டிம்மா தெரியும்?"

"ரௌட்டர் அவன் குடுத்ததுப்பா. கடையில குந்திக்கினே அத்தத் தொறந்து பாப்பான். வேற வாங்கி ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் போட்டுக்கலாம். அது யாரு வேணா பிரிச்சுப் பாக்கறாப்ல எழுதனது. பூட்டு சாவி நம்மகிட்ட இருக்கும்."

"போட்டுடு."

"புது ரௌட்டர்ல போட லைன் பேரும் பாஸ்வேர்டும் அவன்தான் தரணும். கோவத்துல கட் பண்ணிட்டா என் வேலை பூடும்."

நான் ஐந்தாவது வரை படித்தவன். அவள் சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதுமாக இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். வேலை போனால் என்ன செய்வாள்? இப்படியே விட்டால் நாளைக்கு டீக்கடையில் இன்னும் என்னவெல்லாம் கேட்பான்? மூன்றாம் நாள் அவன் கடைக்குப் போனேன்.

"ரௌட்டர் மாத்தறோம். லைன் பாஸ்வேர்டு எழுதிக் குடு."

"அஞ்சாங்கிளாஸுக்கு பாஸ்வேர்டு இன்னாத்துக்குணா? என் பொட்டிதான் இருக்கணும். புடிக்கலன்னா லைன அவுத்துடறேன்."

பின்னாலிருக்கும் மூன்று தெருவுக்கும் அவன் ஒயர் என் மொட்டை மாடி வழியாகத்தான் போகிறது. தண்ணீர்க் குழாயில் சுற்றிக் கட்டியிருக்கிறான். கட்டும்போது என்னைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

"அவுத்துக்கோ," என்றேன். "எங்க மாடியில போவுற ஒயரையும் சேத்து அவுத்துக்கினு போ."

அவன் என்னையே பார்த்தான். பிறகு ஒரு பில்லின் பின்பக்கம் பாஸ்வேர்டைக் கிறுக்கி மேசைமேல் எறிந்தான்.

"நாளைக்கு லைன் வல்லன்னா எவனும் வர மாட்டான்."

"உன்ன எவன் கூப்டான்?"

காஞ்சிபுரம் போய் வாங்கி வந்த ரௌட்டரை மகள் மாற்றி முடிக்க ஒரு மதியம் ஆனது. நடுவில் இரண்டு முறை லைன் நின்றது. இரண்டு முறையும் அவன் வேலைதான் என்று கத்தியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

"அப்பா, நான்தான் ஆஃப் பண்ணேன், எறங்கு!" என்று கீழேயிருந்து கத்தினாள்.

இரண்டாவது முறை ஒயரைக் கையில் பிடித்துவிட்டிருந்தேன். விட மனம் வரவில்லை.