அப்பா இறங்கும் இரண்டாவது படி

அப்பாவின் இடது பாதத்துக்கு வலி தெரியாது. பக்கவாதம் வந்து போன பிறகு நடை ஓரளவு திரும்பியது, உணர்ச்சி திரும்பவில்லை. தண்ணீருக்குள் நடக்கும்படி டாக்டர் சொன்னதால், செம்பாக்கத்தில் எங்கள் அப்பார்ட்மெண்ட் நீச்சல் குளத்தில் தினமும் காலையில் நடப்பார். தரையில் சுவரைப் பிடிக்காமல் நாலு அடி வைக்க முடியாத மனிதர், இடுப்பளவுத் தண்ணீரில் செம கெத்தாக நடப்பார்.

குளத்தின் இரண்டாவது படியில் மூன்று டைல்ஸ் பெயர்ந்திருந்தன. அசோசியேஷனில் சொன்னால் முதலில் மீட்டிங், பிறகு கொட்டேஷன், பிறகு அடுத்த மாதம். நான் சிவில் படித்தவன், இதற்கெல்லாமா ஆள் கூப்பிடுவது? தண்ணீரைப் படிக்குக் கீழே இறக்கி, பெயின்ட் அடிக்கும் முன் வீட்டுச் சுவருக்குப் பட்டி பார்த்ததில் மிச்சமிருந்த மாவைக் குழைத்து ஒட்டிவிட்டேன்.

"சூப்பரா நிக்குது, இறங்குங்கப்பா" என்று சொன்னதும் நான்தான்.

மூன்றாம் நாள் தண்ணீரில் சிவப்பாக ஒரு கோடு. அப்பா பாட்டுக்குச் சிரித்துப் பேசியபடி நடந்துகொண்டிருக்கிறார். அம்மாதான் பார்த்தாள். பட்டி மாவு கரைந்து ஒரு டைல் கழன்று, பக்கத்து டைலின் விளிம்பு கத்தி மாதிரி நின்றிருந்தது. இடது குதிகாலில் ஐந்து தையல்.

"இனிமே அந்தக் குளத்துப் பக்கமே போகக் கூடாது" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

காயம் ஆறியது. ஆனால் அப்பா நாற்காலியை விட்டு எழுவது குறைந்துகொண்டே போனது. "அம்மாகிட்ட பேசுடா" என்பார் தினமும். பேசினேன்.

"நீ ஒட்டினதை நம்பித்தானே இறங்கினார்?" என்றாள்.

பம்மலிலிருந்து டைல்ஸ் போடும் அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்தேன். படியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இன்னா சார், இஞ்சினியர்னு சொன்ன, தோசை மாவு ஊத்தி வச்சிகீற?"

"மெதுவாண்ணா, அம்மா பால்கனில நிக்கிறாங்க."

"கேக்கட்டும் சார், நல்லதுதான்."

"தண்ணி மொத்தமும் எடுத்துடலாமாண்ணா?"

"அடப் போ சார்! பக்கத்துல ஏரி ரொம்பிக் கீது. மொத்தமா எடுத்தா, மண்ணுல கீற தண்ணி அடியிலேர்ந்து தூக்கி தரையே புட்டுக்கும். படி தெரிஞ்சா போதும்."

பழைய பூச்சைக் கெட்டியான இடம் வரும்வரை கொத்தி எடுத்தார். தண்ணீர் தாங்கும் கலவை பூசி, காயவிட்டு, டைல்ஸ் பதித்து, விளிம்புகளைக் கல்லால் தேய்த்தார். கடைசியில், "வூட்ல பழைய நைலக்ஸ் புடவை கீதா சார்?" என்றார். அதைக் கையில் சுற்றி விளிம்பின்மேல் இழுத்தார். நூல் மாட்டினால் அங்கே காலும் கிழியும், அதுதான் கணக்கு. எங்கேயும் மாட்டவில்லை.

அம்மா எப்போது கீழே வந்தாள் என்று தெரியவில்லை. "எங்க, குடுங்க."

படியில் உட்கார்ந்து முதல் டைலிலிருந்து ஆரம்பித்தாள். புதுசு மட்டுமில்லை, எல்லாப் படியும், கைப்பிடி ஓரச் சுவரும்.

"அக்கா, அதெல்லாம் ஒடையாத டைலு."

"இருக்கட்டும்ப்பா."

பழைய டைல்ஸில் நாலு இடத்தில் நூல் மாட்டியது. "இங்க" என்பாள். நான் கல்லை வைத்துத் தேய்ப்பேன். "இப்ப?" "இன்னும் கொஞ்சம்." பல வாரங்களுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதையே சாயங்காலம் வரை பேசிக்கொண்டே இருந்தோம்.

தண்ணீர் நிரப்பிய அன்று அப்பா கரையில் தயங்கி நின்றார். அம்மா கட்டியிருந்த புடவையோடே முதலில் இறங்கி, இரண்டாவது படியில் நின்று கையை நீட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடா நிக்கிற? நீ அந்தப் பக்கம் புடி."