தூளியில் கட்டிய மாட்டு மணி

என் மகன் இன்னும் தவழத் தொடங்காத வயதில், அவன் விழித்துக்கொண்டால் எனக்குத் தெரியவேண்டும் என்று ஒரு மணி தேடினேன். சொல்லும்போதே கூசுகிறது. பெற்றவளுக்கு எதற்கு மணி என்று கேட்பவர்கள் எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் ஒருநாள் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும். மாடுகள் கவலை இழுத்துத் தோல்பையில் தண்ணீர் இறைக்கும்போது உருளை போடும் கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. என் வீட்டுக்காரர் மாடு ஓட்டுவார். நான் மஞ்சள் பாத்திகளுக்கு மடை திருப்புவேன். கிணறு பங்காளிகளுக்கெல்லாம் பொது. எங்கள் முறை வரும் நாளில் பாய்ச்சினால்தான் உண்டு. வீட்டில் வேறு ஆள் இல்லாததால் பிள்ளையைத் தோட்டத்துச் சாளையில், ஓலைக் கூரைக்கடியில், தூளி கட்டிப் போட்டிருந்தேன்.

பங்காளி ஒருவர் இறைத்துக்கொண்டிருந்த நாளில் மணிகளைச் சோதித்துப் பார்த்தோம். வீட்டுக்காரர் சாளையில் நின்று வெறும் தூளியை ஆட்டினார். நான் கடைசிப் பாத்தியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். முதலில் என் சின்ன வயதுச் சலங்கை. அது எனக்குப் பிடித்தமானது. பாவம், வரப்பைக்கூடத் தாண்டவில்லை. அடுத்து, மேச்சேரி ஆட்டுக்குட்டி வாங்கியபோது அதன் கழுத்தில் வந்த தகர மணி. அதையும் உருளைச் சத்தம் விழுங்கிவிட்டது. அவர் வாயைத் திறந்து என்னவோ கேட்டார். அதுவும் கேட்கவில்லை.

மிச்சமிருந்தது வலத்து மாட்டின் வெண்கல மணி. கவலை இறைக்கும்போது அதைக் கழற்றித்தான் வைப்போம். கழுத்துத் தோல்பட்டையோடு சேர்த்துத் தைத்த மணி.

"மாட்டு மணியப் போயி புள்ளைக்குக் கட்டறதா?" என்றார் அவர்.

"கேக்கோணுமில்லீங்க," என்றேன்.

கேட்டது. கடைசிப் பாத்தி வரை கணீரென்று கேட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்து அக்கா, "மணிய நம்பிப் புள்ளைய உட்டுட்டுப் போறயாக்கும் சாமி?" என்றாள். அவள் வீட்டில் நாத்தனார், ஓரகத்தி என்று வீடு நிறைய ஆள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் சொன்னது சரியோ என்று தோன்றியதால்தான் அத்தனை கோபம்.

முதல் சில நாட்கள் அவன் அழும்போது கால் உதைத்தான், மணி அடித்தது, நான் ஓடினேன். பிறகு அந்தக் குட்டிப்பயல் கண்டுபிடித்துக்கொண்டான். அழவேண்டியதில்லை, உதைத்தால் போதும், அம்மா வந்துவிடுவாள். எங்கள் பிள்ளை அழாத பிள்ளை என்று ஊரெல்லாம் பேச்சானது. நானும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் சங்ககிரிப் பக்கத்துச் சொந்தத்தில் ஒரு சாவு. அவர் வண்டி கட்டினார். துக்கத்துக்குப் போகும் வண்டியில் மணி ஒலிக்கக் கூடாது. மாட்டை வண்டியில் பூட்ட அந்த மணிப் பட்டையில்தான் கயிறு பிணைக்கவேண்டும் என்பதால் அதைக் கழற்றவும் வழியில்லை. பழஞ்சேலை கிழித்து, மணிக்குள் நாக்கு அசையாதபடி திணித்துக் கொடுத்தவள் நான். அவர் சாயங்காலம் திரும்பி வந்து, குளித்து, பட்டையை ஆணியில் மாட்டினார்.

மறுநாள் எங்கள் முறை. பட்டையை எடுத்துக்கொண்டு போய்த் தூளியில் கட்டினேன். ஒரு தடவை ஆட்டிப் பார்த்திருக்கலாம். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். எங்கே எழுந்துவிடுவானோ என்று மணியைக் கைக்குள் பொத்திக்கொண்டே கட்டினேன்.

அன்று மணி அடிக்கவேயில்லை. நல்ல தூக்கம் என்று நினைத்தேன். ஒரு பாத்தி முடிந்ததும் இன்னொன்று என்று மடை திருப்பிக்கொண்டே போனேன். யாரும் கூப்பிடாத அந்த வேலை எனக்குச் சுகமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறியது. மார் கனத்தது. சேலைத் தலைப்பு பாலில் நனைந்தது. அப்போதாவது போயிருக்க வேண்டும். மணிதான் அடிக்கவில்லையே என்று தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். என் உடம்பு சொன்னதைவிட அந்த வெண்கலம் எனக்குப் பெரிதாகிவிட்டது.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அவர் கவலையை நிறுத்தியபோதுதான் சாளைக்குப் போனேன்.

அவன் விழித்துக் கிடந்தான். தூளி ஈரத்தில் ஊறி, தொடை இரண்டும் சிவந்திருந்தன. கூரைச் சந்து வழியாக வெயில் அவன் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது. உதடு காய்ந்திருந்தது. அழவில்லை. உதைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு உதைக்கும் மணி ஆடியது, உள்ளே அடைத்த என் சேலைத் துணியோடு, சத்தமே இல்லாமல். எத்தனை நேரமாக உதைத்தானோ, எனக்குத் தெரியாது. அழுதால் வருவாள் என்பதை மறக்கவைத்தவளே நான்தான்.

என்னைக் கண்டதும் அவன் முகமெல்லாம் சிரித்தான். இன்னொரு தரம், எனக்குக் காட்டுகிறவன் மாதிரி, ஓங்கி உதைத்தான். தான் மணி அடித்ததால்தான் நான் வந்தேன் என்று நினைத்துக்கொண்டான்.