ஆமையின் நெற்றியில் விரிசல்

ஆமையின் நெற்றியில் மூன்றாவது முறையாக விரிசல் விட்டிருந்தது.

வெல்டர் அக்கா விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். பற்றவைத்த இடத்தை ஒட்டியே, தலைமுடி கனத்தில், ஒரு சாண் நீளம். நேற்று மாலை போர்வை போட்டு மூடிவிட்டுப் போகும்போது வழவழவென்று இருந்த இடம். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஆமை என்பது அவள் கணவர் வைத்த பெயர். எப்போதோ நடந்த யுத்தத்துக்குப் போய்வந்த கவச வண்டி. காயலான் கடையில் கோழி அடைந்துகொண்டிருந்ததை ஒரு மீசைக்காரர் வாங்கி, ஓட்டிப் பார்த்தே தீருவேன் என்று அவர்கள் பட்டறைக்கு இழுத்து வந்திருந்தார். இஞ்சின் கணவர் பொறுப்பு. பிளந்துகிடந்த முன்தகடு அவள் பொறுப்பு.

குண்டு தாங்கச் செய்த இரும்பு, கேட்டுக்கும் ஜன்னலுக்கும் போடுகிற இரும்பு மாதிரி சொன்ன பேச்சு கேட்காது. மெல்லச் சூடேற்ற வேண்டும், மெல்ல ஆறவிட வேண்டும். வெல்டிங் ராடில் ஈரம் பொட்டுக்கூட இருக்கக் கூடாது. இருந்தால், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு சாவகாசமாக விரியும். அதனால்தான் ராடுகளைச் சூட்டுப்பெட்டிக்குள் வைத்து ஒவ்வொன்றாக எடுப்பது. அவள் கையில் ராடு மாட்டும் ஹோல்டரோடு குனிந்திருக்க, எடுத்துக் கொடுப்பவர் கணவர்.

"விடும்மா. கிரைண்டரைப் போட்டு எடுத்துட்டு மறுபடி வைப்போம்" என்றார் அவர்.

"எத்தனை தடவைங்க? என் கை போயிடுச்சு. ராடு சடசடன்னு துப்புது, நான் புடிச்ச புடியில நிக்கவே மாட்டேங்குது."

"கையெல்லாம் ஒண்ணும் போகல. ஒழுங்கா சாப்பிடறதில்ல நீ, அதான்."

கல்யாணமான புதிதில், பட்டறைக்கு ஆள் வராத ஒரு நாள் ஹோல்டரைப் பிடித்தவள். அதற்கப்புறம் மகள் வயிற்றில் இருந்த மாதங்களில்தான் கீழே வைத்தாள். சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளின் கேட்டு அவள் கைபட்டது. இப்போது கழுத்தைத் திருப்பினால் சுளீரென்று வலிக்கிறது. ராத்திரி கண்ணை மூடினால் மணலை அள்ளிப் போட்டது போல் உறுத்துகிறது. நாத்தனார் தையல் கடையில் ஒரு நாற்காலியே போட்டு வைத்திருந்தாள். "ஃபேனுக்குக் கீழ உக்காந்து காஜா எடுங்க அண்ணி, இதெல்லாம் ஒரு பொழப்பா?"

மதியம் மீசைக்காரர் வந்து விரிசலைப் பார்த்தார். "பட்டி பூசி பெயின்ட் அடிச்சுடலாமே. இனிமே எவன் வந்து இதைச் சுடப்போறான்?"

"சுடவே வேண்டாம் சார். ஒரு பள்ளத்துல இறங்கினா போதும், ஆமை வாயைப் பொளந்துடும்."

"அப்ப இன்னொரு தடவை பாருங்க. சரி வரலைன்னா வேற இடம் பாத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க."

அவள் தப்பாக நினைக்கவில்லை. அவளும் அதையேதான் தீர்மானித்திருந்தாள். இன்னொரு முறை விரிந்தால் காஜாதான்.

அன்று மீதிப் பொழுது முழுக்கப் பழைய வெல்டிங்கை அரைத்து எடுத்தாள். மறுநாள் தகட்டைச் சூடேற்றப் போகிற நேரத்தில் கேஸ் தீர்ந்துபோனது. கணவர் சிலிண்டர் வாங்கப் போனார். சும்மா இருப்பானேன் என்று ராடு எடுக்க அவளே சூட்டுப்பெட்டியைத் திறந்தாள்.

ராடுகளுக்கு நடுவே அவளுடைய சாப்பாட்டு கேரியர் உட்கார்ந்திருந்தது. மூடி இடுக்கில் ஆவி. பெட்டியின் உட்சுவரில் முத்து முத்தாக நீர். திருகியைப் பார்த்தாள், சூடு பாதிக்கும் கீழே இறக்கி வைக்கப்பட்டிருந்தது.

கணவர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தபோது கேரியர் டயர் மேல் இருந்தது.

"இதென்னங்க?"

"சாப்பாடு."

"அது தெரியுது. பெட்டிக்குள்ள எதுக்கு?"

"நீ கையைக் கழுவிட்டு உக்கார்றப்ப எல்லாம் ஆறிப்போயிருக்கு. ரெண்டு வாய் தின்னுட்டு மூடிடற. அதான் ஆமை வந்ததுலேர்ந்து..." அவர் முகம் கோணியது. "கருகிடக் கூடாதுன்னு சூட்டைக்கூட கம்மி பண்ணித்தானே வெச்சேன்?"

"அடப்பாவி மனுஷா. புது கேரியர் நல்லா சூடு தாங்குதுன்னு பொண்ணுகிட்ட பெருமையடிச்சேனே!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இஞ்சின்காரருக்கு ராடின் ஈரம் என்ன தெரியும்? சாப்பாட்டின் ஆவிதான் ராடில் ஈரமாக ஏறியது என்று சொன்னதும் அவர் தன் கரி படிந்த கைகளைத் துணியில் துடைத்தார்.

"அப்ப உன் கை போகலை" என்றார் மெதுவாக.

"போகலை."

சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். ஆனால் ஃபேனுக்குக் கீழே இருந்த அந்த நாற்காலி சட்டென்று எங்கோ தள்ளிப்போனது போல் இருந்தது. கை போயிருந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. ஹோல்டரை மாட்டிவிட்டு நடந்திருக்கலாம்.

பெட்டியைத் துடைத்து, சூட்டை முழுக்க ஏற்றி, புது பாக்கெட் ராடுகளை அடுக்கினாள். அன்று முழுக்க அவை காயட்டும் என்று விட்டுவிட்டாள். அடுத்த நாள் பற்றவைத்தபோது ராடு துப்பவில்லை. தையல் போலச் சீராக ஓடியது.

அதற்கும் மறுநாள் காலை போர்வையை விலக்கி, விரலால் தடவினாள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். மறுபடி தடவினாள்.

"என்ன?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. புடிச்சுக்கிச்சு."

"தங்கச்சி போன் பண்ணினா. என்ன சொல்ல?"

அவள் போர்வையை மடித்து வைத்தாள். "காஜாவுக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லுங்க."

மதியம் டயரில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தாள்.

"ஆறிடுச்சா?"

"ம்."

ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். பிறகு கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, பட்டறை வாசலில் பற்றவைக்கக் காத்திருந்த யாரோ வீட்டு கேட்டை நோக்கி நடந்தாள்.